ரத வீதியில் தரைக்கடை

நெல்லைக்கு வரும் வெளியூர்க்காரர் ஒருவர், ஒரு நாள் முழுக்கக் கடைத்தெருவில் ஆற அமர நடந்து நாலு சாமான் வாங்க எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டால், ஊரில் இன்று இரண்டு பதில் கிடைக்கும். இளவட்டங்கள் வண்ணார்பேட்டை என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் டவுன் என்பார்கள். தாமிரபரணி ஆற்றுக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று; நடுவில் சுமார் நான்கு கிலோமீட்டர். இந்த இரண்டு பதில்களையும் எதிரெதிரே வைத்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். ஊரின் பணமும் திட்டமும் இனி எந்தத் திசையில் போக வேண்டும் என்பது இந்தப் பதிலில்தான் அடங்கியிருக்கிறது.

எடைபோட ஓர் அளவு வேண்டும். வாங்கும் உத்தேசம் இல்லாமலே ஒரு கடை முன்னால் நிற்க முடிய வேண்டும். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனாலும் முகம் சுளிக்கப்படாமல் இருக்க வேண்டும். வாங்கும் பொருளில் இந்த மண்ணின் கை எங்காவது பட்டிருக்க வேண்டும். இன்று விற்றவர் நாளைக்கும் அதே இடத்தில் இருப்பார் என்ற நம்பிக்கை வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பயணக் கட்டுரைகள் கண்டுகொள்வதில்லை. மற்ற மூன்றும் அதன்மேல்தான் நிற்கின்றன என்பது என் வாதம்.

முதலில் வண்ணார்பேட்டை. அதற்குரிய நியாயத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. திருவனந்தபுரம் சாலையும் புறவழிச்சாலையும் சேரும் இடம். செல்லப்பாண்டியன் பெயர் தாங்கிய மேம்பாலம் தலைக்கு மேலே போகிறது. மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிற கூட்டம் இறங்கி ஏறும் இடம். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் மருத்துவமனைகளும் உணவு விடுதிகளும் இங்கே எழுந்தன. 1924இல் நெல்லையில் தொடங்கிய ஆர்.எம்.கே.வி.கூட டவுனோடு நின்றுவிடாமல் இங்கேயும் ஒரு பெரிய கட்டடத்தை எழுப்பியது. முட்டுவலி உள்ள ஆச்சிக்கு லிப்ட் இருக்கிறது. கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்குக் கழிப்பறை இருக்கிறது. விலை ஒட்டியிருக்கிறது, ஏமாறுவோமோ என்ற பயம் இல்லை. கல்யாணத்துக்கு முப்பது பேருக்குத் துணி எடுக்கிற குடும்பத்துக்கு இதைவிட வசதியான இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. டவுனின் பெருமை பேசுகிறவர்கள் பலரும் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு இங்கேதான் வருகிறார்கள், அதில் தப்பும் இல்லை.

ஆனால் கட்டடத்தை விட்டு வெளியே வந்து பாருங்கள். ஒரு கடையிலிருந்து எதிர்க் கடைக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டும். அந்தச் சாலை மனிதன் கடப்பதற்காக அமைந்ததல்ல. பக்கத்துக் கடைக்குப் போனாலும் நடக்கிற இடமெல்லாம் பைக் நிறுத்துமிடம். ஆகவே வண்ணார்பேட்டையில் ஒரு நாள் என்பது ஒரே கூரைக்குள் ஒரு நாள். உள்ளே நின்று வேடிக்கை பார்க்கலாம்தான், ஆனால் நிற்கிற இடத்தை, திரும்புகிற திசையை, எந்த மாடியில் எது கண்ணில் பட வேண்டும் என்பதையெல்லாம் கடை முன்பே தீர்மானித்துவிட்டது. நேரம் வாங்குகிறவர் கையில் இல்லை.

விற்கிறவர் கையிலும் இல்லை. ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்களுக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுக்க, தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. உட்காருவது உரிமை என்று சட்டசபை சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலை, அந்தக் குளிர்ந்த மாடிகளைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது. இந்த விஷயத்தை இங்கேயே விட்டுவிடவில்லை. உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர்களைப் பற்றித்தான் மேலே பேசப் போகிறேன்.

வண்ணார்பேட்டையிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் கொக்கிரகுளம் தாண்டினால் சுலோச்சன முதலியார் பாலம். 1843இல் திறந்தது, பதினோரு வளைவுகள். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டிய பாலம். அதற்கு முன்னால் ஆற்றைக் கடக்கப் படகு. வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. இரு கரையையும் இந்தப் பாலம் இணைத்துவிட்டாலும் சந்தைகளை இணைக்கவில்லை. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூர் பேரூராட்சியையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கியது 1994இல்தான். அதனால்தான் இந்த நகரத்துக்கு ஒற்றைச் சந்தை என்று ஒன்று கிடையாது. டவுனுக்குப் போஸ் மார்க்கெட்டும் நயினார்குளமும், பாளைக்குக் காந்தி மார்க்கெட், மேலப்பாளையத்துக்குச் செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை, மகாராஜ நகருக்கு உழவர் சந்தை என்று ஒவ்வோர் ஊரும் தன் சந்தையை விடாமல் வைத்திருக்கிறது. வண்ணார்பேட்டையின் இன்றைய வணிகம் சாலை கொண்டுவந்தது. டவுனின் வணிகம் கோயில் கொண்டுவந்தது. இந்த வேறுபாடு இன்றும் தரையிலேயே தெரிகிறது.

டவுன் ஆர்ச்சைத் தாண்டிக் கீழ ரத வீதிக்குள் நுழைகிறவர் முதலில் உணர்வது அகலம். பழைய ஊர் ஒன்றின் நடுவில் இவ்வளவு அகலமான தெருவை எதிர்பார்த்திருக்க மாட்டார். நெல்லையப்பர், காந்திமதி கோயில்களைச் சுற்றி நான்கு பக்கமும் ஓடும் இந்த வீதிகளின் அகலத்தைத் தீர்மானித்தது வண்டியும் இல்லை, வணிகமும் இல்லை, ஆனித் தேர். அந்தப் பெரிய தேர் திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் முக்குகளில் விடப்பட்டிருக்கிறது. வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு, லாலா சத்திர முக்கு என்று ஊர் தன் இடங்களையே திருப்பங்களை வைத்துத்தான் சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தேர் வரும் முன் வீதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற தட்டிகளும் கூரைகளும் கழற்றப்படுகின்றன. எந்த ஆக்கிரமிப்பும் ஓராண்டுக்கு மேல் நிலைக்க முடியாத வீதி. ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே மோதலை நினைக்கிற நகரங்களுக்கு இது ஒரு பாடம்: எல்லோரும் ஒத்துக்கொண்ட காரணம் ஒன்று இருந்தால், கடைக்காரர் தானே ஏணி வைத்துத் தன் தட்டியை இறக்குகிறார். மறுநாள் மாட்டிக்கொள்கிறார்.

இந்த அகலத்தில்தான் தரைக்கடைகள் பிழைக்கின்றன. கடைகளின் படிக்கட்டுக்கும் வண்டி ஓடும் தாருக்கும் நடுவில் இருக்கிற பட்டையில் ஒரு சாக்கு விரிப்பு, ஒரு குடை, ஒரு ஓலைப்பெட்டி.

டவுனை முறையாகப் பார்க்க விடியும் முன்னே வர வேண்டும், நயினார்குளத்துக்கு. மொத்த வியாபாரக் காய்கறிச் சந்தை. பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்து மிளகாயும் கத்தரியும் சின்ன வெங்காயமும் இருட்டிலேயே இறங்குகின்றன. இங்கே நிதானத்துக்கு இடமில்லை. சுமை தூக்குகிறவர் தலையில் மூட்டையோடு வரும்போது ஒதுங்காதவருக்கு வசவு நிச்சயம். ஆனாலும் இதைப் பார்க்காமல் பத்து மணிக்கு ரத வீதியில் காய் வாங்குகிறவருக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நாள் எப்போது தொடங்கியது என்பது புரியாது. இருட்டில் வந்து, ஏலத்தில் எடுத்ததைப் பங்கு பிரித்து, ஆட்டோவுக்கோ பஸ்ஸுக்கோ காசு கொடுத்து, விடிந்ததும் தன் இடத்தில் சாக்கை விரித்திருக்கிறாள். அந்தக் கொள்முதல் பணம் பலருக்கு நாள்வட்டிக்கு வாங்கியது. 2020 ஜூனில் மத்திய அரசு தெருவோர வியாபாரிகளுக்கென்று கொண்டுவந்த கடன் திட்டம் முதல் தவணையாகப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தது. நல்ல திட்டம்தான். அந்தக் கடன் கிடைக்க, இவர் இந்த ஊரில் வியாபாரம் செய்கிறவர் என்று யாராவது எழுதித் தர வேண்டும். பேச்சு மறுபடியும் இடத்துக்கே வந்து நிற்கிறது.

இனி விற்கப்படும் பொருளைப் பார்ப்போம். அழகியல் பேச்சு எல்லாவற்றையும் தள்ளிவைத்து, ஒரு சந்தையை அதன் சரக்கை வைத்துத்தான் மதிக்க வேண்டும். வண்ணார்பேட்டையில் கிடைப்பது சென்னையிலும் கிடைக்கும். டவுன் தரையில் கிடைப்பதில் நிறைய இந்தப் பள்ளத்தாக்கின் சொந்தச் சரக்கு. காருகுறிச்சி மண்பாண்டம், கல்லிடைக்குறிச்சி அப்பளம், பத்தமடைப் பாய், ஆத்தூர் வெற்றிலை, உடன்குடிக் கருப்பட்டி என்று தாமிரபரணி பாயும் ஊர்களும் அதன் ஓரத்துத் தேரிக்காடும் ஒரே தெருவில் வந்து சேருகின்றன. பனையோலைச் சுளகும் கடகப்பெட்டியும் இன்னும் விற்கின்றன, அலங்காரத்துக்கு இல்லை, புழக்கத்துக்கு. மார்கழி கடைசியில் வந்தால் மஞ்சள் குலையும் பனங்கிழங்கும் சிறுகிழங்கும் குவிந்திருக்கும். சிறுகிழங்கு இல்லாத பொங்கல் இந்தப் பக்கத்தில் பொங்கலே இல்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் போட்டுவிடுகிற முதல் பார்சல் அதுதான்.

சிறுகிழங்கு வாங்கும்போது நடக்கிற ஒரு பேச்சு இப்படி இருக்கும்.

"கூறு என்ன விலைக்கா?"

"நாப்பது ரூவா. ரெண்டு கூறா எடுத்துக்கிடுங்க, எழுவது போட்டுத் தாரேன்."

"தோலு உரிக்கத்தான் பயமா இருக்கு."

"அதுக்கு ஏன் கத்தியத் தேடுதீங்க? ஊறப் போட்டு, சாக்குல கட்டித் தரையில நாலு அடி அடிங்க. மண்ணும் தோலும் தானா போயிரும்."

இந்தப் பேச்சுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதற்குள் விலை சொல்லப்பட்டு, குறைக்கப்பட்டு, ஒரு சமையல் அறிவும் கைமாறிவிட்டது. எடை மிஷினில் வைத்து ஸ்டிக்கர் ஒட்டுகிற இடத்தில் இது நடக்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கூறு என்பது விற்கிறவர் கண் அளவில் கட்டிய அளவு. காலையில் ஒரு கூறில் இருக்கும் காய் மாலையில் அதே விலைக்கு இன்னும் நாலு கூடும். இருட்டிய பிறகு இரண்டு கூறு ஒரு கூறாகிவிடும். மிச்சத்தை வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாதவரின் நெருக்கடிதான் இந்தக் கணக்கை நடத்துகிறது. கூலி வேலை முடித்து வருகிற குடும்பம் அந்த நேரத்துக்குத்தான் வருகிறது. ஆக, ஒரே தரைக்கடை காலையில் ஒரு வகுப்புக்கும் இரவில் ஒரு வகுப்புக்கும் கடையாக இருக்கிறது. விலை ஒட்டிய கடைக்கு இது முடியாது.

இன்னும் ஒரு படி போகிறேன். தெருவின் வேகத்தைக் குறைப்பவர்கள் இந்தத் தரைக்கடைக்காரர்களே. உட்கார்ந்திருப்பவரிடம் பேச நிற்க வேண்டும், குனிய வேண்டும், பொறுக்கி எடுக்க நேரம் வேண்டும். ஒருவர் நின்றால் பின்னால் வருபவர் சுற்றிப் போகிறார்; சுற்றிப் போகிறவர் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் மட்டிப் பழத்தைப் பார்க்கிறார். நிதானம் என்று பயணிகள் புகழ்வது தெருவின் குணம் இல்லை. தரையில் இருக்கும் அந்தப் பெண்கள் தங்கள் உடம்பால் உண்டாக்குவது. அவர்களை எடுத்துவிட்டால் அகலமான ரத வீதி ஒரு நாளில் பைபாஸ் ஆகிவிடும். இதைத்தான் இந்தக் கட்டுரையில் நான் நிறுவ முயல்கிறேன்.

மதியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோயில் நடை சாத்தியிருக்கும், வெயில் தாங்காது, கடைக்காரர்கள் சாக்கைப் போர்த்திவிட்டுக் கண்ணயர்வார்கள். ஒரு நாள் முழுக்கக் கடைத்தெருவில் என்ற பேச்சு நெல்லை வெயிலில் எடுபடாது. இந்த ஊரின் நாள் காலை ஒரு துண்டு, மாலை ஒரு துண்டு. நடுவில் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயில் படித்துறையில் காலை நனைத்துவிட்டு வரலாம். அதுவே நியாயமான ஏற்பாடு.

மாலையில் கீழ ரத வீதியில் அல்வாவுக்கு வரிசை நிற்கும். இருட்டுக்கடையின் பெயர் ஊரின் பெயருக்கே அடைமொழி ஆகிவிட்டது. சம்பா கோதுமையை ஊறவைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு, கை ஓயாமல் கிண்டுகிற பண்டம். வாழையிலையில் சூடாகத் தருவதை அங்கேயே நின்று தின்பதற்கு ஈடில்லை. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சுற்றுலா எழுத்து இந்த ஒரு வரிசையையே டவுன் என்று சொல்லிவிட்டது. காரில் வந்து, வீதியிலேயே வண்டியை நிறுத்தி, ஒரு கிலோ வாங்கி, அரை மணி நேரத்தில் திரும்புகிற கூட்டம் பெருகிவிட்டது. அந்தக் கார் நிற்கிற இடம், வெற்றிலைக் கூடை வைத்திருந்தவருடைய இடம். ஒரு பண்டத்தின் புகழ் தெருவை வளர்க்கும் என்று எளிதாக நம்பிவிடுகிறோம். இங்கே அது தெருவின் ஓரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது.

டவுன் மீதான என் பெரிய குற்றச்சாட்டு இதுதான்: அங்கே நடக்க முடியவில்லை. மாலை ஆறு மணிக்கு ரத வீதியில் நடக்கிறவர் கண் பொருளின் மீது இருக்காது, பின்னால் வரும் ஹாரன் மீது இருக்கும். பஸ், ஷேர் ஆட்டோ, சரக்கு இறக்கும் வண்டி, இருபுறமும் நிறுத்திய பைக். குழந்தையின் கையை விட முடியாது. மூத்தவர்களில் பலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள்தான் வண்ணார்பேட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். நாள் முழுக்கத் தரையில் இருக்கிற பெண் ஒதுங்க எங்கே போவாள் என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடையாது. நான் வைத்த அளவில் சரக்கு, பேச்சு, விலை மூன்றிலும் டவுன் முதலிடம். நிற்கிற வசதியில் வண்ணார்பேட்டைக் கட்டடங்களுக்கு வெகு கீழே. டவுனை நேசிக்கிறவர்கள் இதை மூடி மறைப்பதால்தான் தவறான மருந்து எழுதப்படுகிறது.

எழுதப்பட்ட மருந்து கான்கிரீட். 2017இல் திருநெல்வேலி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. சந்திப்புப் பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டது. டவுன் போஸ் மார்க்கெட்டும் பாளை காந்தி மார்க்கெட்டும் இடித்துக் கட்டும் வேலைக்குள் வந்தன. பழைய மார்க்கெட் கட்டடங்களில் சேறும் நெரிசலும் இருந்தது உண்மை. வடிகாலும் மின்சாரமும் மேற்கூரையும் வேண்டியிருந்ததும் உண்மை. அந்த அளவுக்கு இது சரியான வேலை. ஆனால் சந்தை என்றால் கட்டடம் என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை தொடங்குகிறது. ஷட்டர் போட்ட கடை அறைக்கு முன்பணம் வேண்டும், மாத வாடகை வேண்டும். ஒரு கூடை முருங்கைக்காயோடு மேலச்செவலிலிருந்து பஸ்ஸில் வருகிறவருக்கு அந்த அறையால் பயனில்லை. அவருக்கு வேண்டியது நாலு மணி நேரத்துக்கு ஆறடித் தரை. பணமெல்லாம் சுவருக்குப் போனது. நடக்கிற தரைக்குப் போனது கொஞ்சம்.

மற்ற ஊர்கள் செய்ததைப் பார்த்தால் இந்தப் பிழை இன்னும் துலங்கும். சென்னை பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளை 2013இல் ஒரு மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். பிறகு 2019 நவம்பரில் அதே சாலையில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். நடக்க அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் வரிசை மாறிவிட்டது: முதலில் விற்கிறவர்களை அகற்றிவிட்டுப் பிறகு நடைபாதையை அகலப்படுத்தினால், அகலமான நடைபாதையில் போகிறவர் நிற்பதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிகள் கிடையாது, கல் பாவியிருக்கிறது, குழந்தைகள் ஓடலாம். நெல்லைக்கு இதைத்தான் எல்லோரும் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. பாதுகாப்புக் கெடுபிடியில் அந்த வீதிகளில் சந்தை மெலிந்துவிட்டது. பக்தர்கள் நடக்கிற பிரகாரத்தின் நீட்சியாக அது ஆகிவிட்டது. கொள்முதலும் பேரமும் வெளிவீதிகளுக்கு ஒதுங்கிவிட்டன. தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளுமாக இருந்த புதுமண்டபத்தைக் காலி செய்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது, மண்டபத்தின் சிற்பங்களுக்கு மூச்சு கிடைத்தது. ஒரு கடைத்தெரு தன் இடத்தை இழந்தது. சிற்பத்தைக் காக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ரத வீதிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே காக்க வேண்டியதே அந்தச் சந்தைதான்.

டெல்லி சாந்தினி சௌக் நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். செங்கோட்டையிலிருந்து பதேபுரி மசூதி வரை ஒன்றே கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். புதுப்பித்த சாலையை 2021 செப்டம்பரில் திறந்தபோது காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிக்குத் தடை. சரக்கு இரவில் இறங்க வேண்டும். மொத்த வியாபாரிகள் பயந்த அளவுக்குத் தெரு அழியவில்லை. ஆனால் கண்காணிப்பு தளர்ந்த இடங்களில் வண்டிகள் மீண்டும் நுழைந்தன, கைவண்டிகளின் நெரிசல் கூடியது, தரைக்கடைக்காரர்களின் இடப் பிரச்சினை தீராமல் நீதிமன்றம் ஏறியது. கல் பதிப்பது எளிது, தினமும் காப்பது கடினம் என்பதை நெல்லை இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

தரைக்கடைக்காரரின் இடம் என்று வரும்போது சட்டம் யார் பக்கம்? தெருவோர வியாபாரம் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது; அது அந்த ஆண்டு மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. கணக்கெடுத்துச் சான்று தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் முப்பது நாள் முன்னறிவிப்பு. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதோடு நிற்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெருவோர வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்கிருக்கும் வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்றும் அதன் அட்டவணை சொல்கிறது.

இந்த வரையறைக்கு நெல்லை ரத வீதிகளைவிடப் பொருத்தமான இடம் தென் மாவட்டங்களில் எனக்குத் தெரியவில்லை. தேரோடும் வீதியில் கடை விரித்தவர்களின் பாட்டிமார்களும் அதே முக்கில் விரித்தவர்கள். கோயிலுக்குப் பாரம்பரியம் என்ற தகுதி இருக்கிறது, அல்வாவுக்கு இருக்கிறது. கோயிலையும் அல்வாவையும் சூழ்ந்திருக்கிற சந்தைக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

எதிர்வாதங்களில் இரண்டு கனமானவை. வண்டியைத் தடுத்தால் கல்யாண ஜவுளிக் கூட்டம் மொத்தமும் வண்ணார்பேட்டைக்குப் போய்விடும் என்று வடக்கு ரத வீதிக் கடைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் போகிறவர்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறார்கள். கார் நிறுத்த இடம், லிப்ட், குளிர்ச்சி என்ற போட்டியில் டவுன் எந்நாளும் ஜெயிக்காது. அது ஜெயிக்கக் கூடிய ஒரே களம், வண்ணார்பேட்டையால் தர முடியாததைத் தருவது. தேர் நாட்களில் வண்டி இல்லாத அதே வீதியில் எவ்வளவு கூட்டம் கடை ஏறுகிறது என்பதை அந்தக் கடைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். இரண்டாவது எதிர்வாதம் குடியிருப்பவர்களுடையது: உடம்புக்கு முடியாதவரை ஆட்டோவில் கூட்டிப் போக வேண்டும், ஆம்புலன்ஸ் வர வேண்டும். இது முழுக்க நியாயம். இதனால்தான் முழுநாள் தடையை நான் ஏற்கவில்லை. குடியிருப்போருக்கும் நோயாளிக்கும் வழி விடுகிற, மாலை நேரத்துக்கு மட்டுமான ஏற்பாடே டவுனுக்குப் பொருந்தும்.

ஆக, என் தீர்ப்பு. கடைத்தெருவில் ஒரு நாளைக் கழிக்க டவுன் ரத வீதிகளே சிறந்த இடம். அதற்கு இணையாக வண்ணார்பேட்டையைச் சொல்ல முடியாது. வண்ணார்பேட்டை வாங்குவதற்கு நல்ல இடம், இருப்பதற்கு அல்ல. ஆனால் இன்று உள்ள நிலையில் டவுனை வெளியூர்க்காரருக்கு மனமார நான் பரிந்துரைக்க மாட்டேன். காலை ஆறு முதல் ஒன்பது வரை வாருங்கள் என்பேன். மாலையில் வாருங்கள் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. இந்தக் குறைக்குக் காரணம் தரைக்கடைகள் இல்லை, அவற்றை ஓரம் தள்ளும் வண்டிகள். புதுக் கட்டடங்கள் இந்தக் குறையைத் தொடக்கூட இல்லை.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. முதலில் நான்கு ரத வீதிகளிலும் இரண்டு சன்னதித் தெருக்களிலும் யார் எங்கே, எந்த நேரத்தில், எத்தனை காலமாக உட்காருகிறார்கள் என்று முறையாகக் கணக்கெடுத்துச் சான்று கொடுக்க வேண்டும். காலையில் காய், மாலையில் பூ என்று ஒரே இடத்தை இருவர் பங்கிடுவதும் அதில் பதிவாக வேண்டும். இல்லையென்றால் ஒருவர் பெயர் காணாமல் போகும். அந்தக் கணக்கு கையில் வந்த பிறகே வண்டியைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறினால் பாண்டி பஜார் கதைதான். பிறகு கீழ ரத வீதியில் மட்டும், மாலை ஐந்து முதல் ஒன்பது வரை, மோட்டார் வண்டிகளை ஆர்ச்சுக்கு வெளியே நிறுத்தி ஓராண்டு பார்க்க வேண்டும்; ஓர் ஆனித் திருவிழாவும் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் அதற்குள் வந்துவிடும். பெண்களுக்கான கழிப்பறை அதே வீதியில், அதே முதல் மாதத்தில் திறக்க வேண்டும். தெற்கு, மேற்கு, வடக்கு வீதிகளைப் பற்றி அந்த ஓராண்டு முடிந்த பிறகு, வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கும் குழுவில் வைத்துப் பேசலாம்.